பேய்க் கணவாய் என்றுதான் எழுதுவேன்

அரியாங்குப்பத்தில் ரோட்டோரம் நான் போட்டிருக்கும் மீன் கடையில் ஒரு பலகை உண்டு. அன்றன்று வந்த மீனின் பெயரைச் சாக்பீஸால் எழுதி மாட்டுவேன். ஐந்தாவது வரைதான் படித்தேன் என்றாலும் என் எழுத்து மோசமில்லை. வஞ்சிரம், சங்கரா, பாறை என்று எழுதும் நாட்களில் அந்தப் பலகையை யாரும் கவனிப்பதில்லை. பேய்க் கணவாய் என்று எழுதும் நாளில் எல்லோரும் கவனிக்கிறார்கள். வண்டியை நிறுத்துகிறார்கள், ஹெல்மெட்டுக்குள்ளேயே முகம் சுளிக்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

போன மாதம் ஒரு இளைஞர் எனக்காக ரொம்பவும் வருத்தப்பட்டார்.

"அண்ணா, ஆக்டோபஸ்னு போடுங்கண்ணா. டவுன் ஓட்டல்ல எல்லாம் அப்டித்தான் போடுறான். ஜனங்க போட்டோ புடிச்சிப் புடிச்சித் துன்றாங்க. பேயின்னு போட்டா எவன் வாங்குவான்?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. அதே உயிர், அதே எட்டுக் கால். ஒரு பெயருக்குத் தட்டு நீள்கிறது, இன்னொரு பெயருக்குக் கை பின்னால் போகிறது. வருகிறவர்களிடம் விலை சொல்லவே எனக்குக் கூச்சம். பேரமெல்லாம் என் மனைவி பேசுவாள், நான் குனிந்து மீன் நறுக்குவேன். ஆனால் இந்த ஒன்றில் மட்டும் யார் சொன்னாலும் கேட்கப் போவதில்லை. வாங்குகிறவர்கள் அந்தப் பெயரோடு வாங்கட்டும். விற்காவிட்டால் அன்று எங்கள் வீட்டில் அதுதான் குழம்பு.

இந்தப் பிடிவாதம் அம்மாவிடமிருந்து வந்தது.

நாங்கள் அப்போது வீராம்பட்டினத்தில் இருந்தோம். அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போவார். அம்மா அந்த மீனைப் பாகூர் பக்கம் செலியமேட்டுக்குக் கொண்டுபோய் விற்பாள். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்தார். மீனவர் வீட்டில் பிறந்தும் அவருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டுமரத்தில் கால் வைத்தால் வாந்தி எடுப்பார். அதனால் கரையிலேயே இருந்து வாயால் பிழைத்தார். மீன் கூடையைப் பஸ்ஸில் ஏற்றக் கண்டக்டர்கள் விடமாட்டார்கள். கூடை மாமாவின் சைக்கிளில் போகும், அம்மா பஸ்ஸில் போவாள்.

செலியமேடுதான் எங்கள் சோறு. எங்கள் கரையில் ஒரு ஏற்பாடு இருந்தது. மீன் விற்கப் போகும் பெண்கள் ஒவ்வொருத்திக்கும் ஒரு ஊர். ஒருத்தியின் ஊரில் இன்னொருத்தி கூவக் கூடாது. இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினால் தண்ணீர்க் குழாயடியில் முடியைப் பிடித்துக்கொள்வார்கள். ஆகவே கையில் இருக்கும் ஊரைக் கெடுத்துக்கொண்டால் போக வேறு ஊர் கிடையாது.

வயலும் தோப்புமாக இருக்கும் அந்த ஊர்க்காரர்களுக்கு மீனைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் பெயர்தான். பால் சுறா என்று அம்மா சொன்னால் பிள்ளை பெற்ற வீட்டில் பேரமே பேச மாட்டார்கள். அந்தச் சுறாவிடம் பால் ஏது? பெயரில் இருக்கிறது, அது போதும். கிளி மீன் என்றால் குழந்தைகள் ஓடி வரும். திருக்கை என்றால் முகத்தைத் திருப்புவார்கள், தேள் மாதிரி கொட்டுமாம். வெட்டிக் கூறு போட்ட திருக்கை யாரைக் கொட்டும் என்று அம்மா கேட்க மாட்டாள். சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போவாள்.

நான் ஐந்தாவது முடித்த அந்தக் கோடை விடுமுறையில் கடல் எங்களைக் கைவிட்டது. அப்பாவின் வலையில் நல்ல மீன் படவில்லை. பட்டதெல்லாம் பேய்க் கணவாய். மற்ற வீடுகளில் அதைத் தூண்டிலுக்கு இரையாக வெட்டுவார்கள், இல்லை மணலில் எறிவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் சமைப்போம். அம்மா அதைக் கல்லில் அறைந்து அறைந்து இளக்குவாள். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் உடம்பு செம்மண் நிறமாகி, கால்கள் எட்டும் வெளிப்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். பிறகு பூண்டும் மிளகும் நசுக்கிப் போட்டு வதக்குவாள். அதைத் தின்றுதான் நான் வளர்ந்தேன். பேய் என்ற சொல் அதில் இருப்பது எனக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. சுடுகாட்டுப் பக்கம் இருட்டில் போக நடுங்குகிறவன் நான். ஆனால் அந்தப் பேய் வேறு, இந்தப் பேய் வேறு என்று என் வயிற்றுக்குத் தெரிந்திருந்தது.

வேறு வழியில்லாமல் ஒருநாள் அம்மா அதையே கூடையில் போட்டாள். விடுமுறை என்பதால் நானும் மாமாவின் சைக்கிளில் முன்கம்பியில் உட்கார்ந்து போனேன். முதல் தெருவில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி குனிந்து விரலால் தொட்டு, இது என்ன புதுசாக இருக்கிறது என்று கேட்டாள். அம்மா பெயரைச் சொன்னாள். தொட்ட விரலை அந்தப் பெண் புடவையில் துடைத்தாள். இடுப்பில் பிள்ளை வைத்திருந்த இன்னொருத்தி பிள்ளையின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தின்றால் பேய் பிடிக்கும் என்று யாரோ சொல்ல, அந்தப் பேச்சு எங்களுக்கு முன்னாலேயே அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. கூடை போனபடியே திரும்பி வந்தது.

மறுநாள் அம்மா கரையிலிருந்து வருவதற்குள் மாமா ஒரு காரியம் செய்தார். அப்பாவைக் கூட வைத்துக்கொண்டு, பெரிய குண்டானில் எல்லாவற்றையும் வேகவைத்தார். கண் தெரியும் தலையை வெட்டிப் போட்டார். சுருண்ட கால்களை மட்டும் வாழை இலையில் வட்டமாக அடுக்கினார். நிஜமாகவே சிவப்புப் பூ பூத்த மாதிரி இருந்தது. என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் செலியமேட்டுக்குப் போய், நேற்றுப் போகாத தெருவாகப் பார்த்து, தன் வெண்கலத் தொண்டையில் கூவினார்.

"பூக்கணவாய்! பூக்கணவாய்! வேகவச்ச பூக்கணவாய்!"

பஸ்ஸை விட்டு இறங்கி அம்மா வந்தபோது இலையில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. பெண்கள் கையில் கிண்ணத்தோடு நின்றார்கள். ஒருத்தி முகர்ந்து பார்த்து, பூ வாசனை அடிக்கத்தான் செய்கிறது என்றாள். நேற்று விரலைத் துடைத்துக்கொண்டவளும் அங்கே இருந்தாள். அவள் இரண்டு கூறு கேட்டாள். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். உலகத்திலேயே கெட்டிக்காரர் என் மாமாதான் என்று அன்று முடிவு செய்தேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா, இது வேண்டாம் என்றாள். மாமா சிரித்தார்.

"நாக்குக்கு இன்னாக்கா தெரியும்? காது சொல்றத அது கேட்டுக்கும். அவங்களும் துன்னாங்க, நம்ம அடுப்பும் எரிஞ்சிச்சி. யாருக்கு இன்னா நஷ்டம்?"

அப்பா வலையைப் பிரித்துக்கொண்டே, கடல் திரும்புகிற வரைக்கும் ஓட்டட்டுமே என்றார். ஆனால் அந்தப் பெயரை அம்மா ஒரு முறையும் கூவவில்லை. மாமா கூவுவார். அவள் கூறு போட்டுக் கொடுப்பாள். யாராவது பெயரைக் கேட்டால் காதில் விழாதவள் போல வேறு பக்கம் பார்ப்பாள்.

நாட்கள் இப்படியே போயிருக்கும். மூலை வீட்டில் கல்யாணம் வந்துதான் கெடுத்தது.

அது அந்தத் தெருவிலேயே பெரிய வீடு. அந்த வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள். அந்தக் குடும்பத்தில் சின்ன வயதில் இறந்துபோன பெண்தான் பூவாடைக்காரி. அவளுக்குப் புதுப் புடவை வைத்து, உயிரோடு இருந்தபோது அவளுக்கு எது பிடிக்குமோ அதைச் சமைத்து இலையில் வைத்துக் கும்பிடுவார்கள். அவள் மனசு குளிர்ந்தால்தான் கல்யாணம் நல்லபடியாக நடக்கும். அந்த வீட்டில் இறந்தவள் கல்யாணப் பெண்ணின் அத்தை. மீன் என்றால் உயிராம். பெண்ணின் தாயாருக்கு மாமாவின் கூவல் காதில் விழுந்தபோது சந்தேகமே வரவில்லை. பூவாடைக்காரிக்குப் பூக்கணவாய், இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும் என்று சொல்லி, படையல் அன்றைக்குக் காலையிலேயே நிறையக் கொண்டுவரச் சொன்னார். மாமா மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டார். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். காலியான கூடையைக் குப்புறக் கவிழ்த்து, அதன் அடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

படையல் அன்று மாமா விடியும்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பிறகு பஸ்ஸில் வந்தாள். இறங்கியதும் தெருவில் கூவாமல் நேராக மூலை வீட்டுக்கு நடந்தாள். தோட்டத்துப் பக்கம் அடுப்பு மூட்டி, பெரிய சட்டியில் குழம்பு இறக்கி வைத்திருந்தார்கள். படைக்கும் முன் வாயில் வைக்கக் கூடாது என்பதால் வந்திருந்த உறவுப் பெண்கள் வாசனையை மட்டும் மெச்சிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே மாமாவுக்குப் புரிந்துவிட்டது. அவர்களுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அம்மா அவரைப் பார்க்காமல் பெண்ணின் தாயாரிடம் சொன்னாள்.

"அம்மா, இதும் பேரு பூக்கணவாய் இல்ல. பேய்க் கணவாய். அன்னிக்கி முதல் தெருவுல வேணான்னு தள்ளுனாங்களே, அதான் இது."

வாசனையை மெச்சிக்கொண்டிருந்த ஒருத்தி முந்தானையை வாயில் வைத்து ஓங்கரித்தாள். சட்டியில் எதுவும் மாறவில்லை. அதே குழம்பு, அதே ஆவி. சொல் மட்டும் உள்ளே விழுந்திருந்தது.

பெண்ணின் தாயார் சத்தம் போடாமல்தான் கேட்டார்.

"செத்தவளுக்குப் படைக்கிற எடத்துல வந்து பேயின்னு சொல்ற. ஒனக்கு வாய் கூசல?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. சின்ன வயதில் செத்த பெண் ஊருக்குப் பேய், வீட்டுக்குத்தான் பூவாடைக்காரி. அந்தச் சொல் காதில் விழக்கூடாது என்பதற்காகவே அந்த வீட்டில் அவளுக்குப் பூவும் புடவையும் வைத்திருந்தார்கள். அம்மா அங்கே போய் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டாள்.

"கூசுனதாலதாம்மா சொல்றேன்," என்றாள் அம்மா. "அவங்க எலையில பொய்யச் சொல்லி ஒண்ண வைக்க எனக்கு மனசு வரல. மத்தபடி இது நல்ல சாப்பாடு. அதுல ஒரு குத்தமும் கெடையாது."

யாரோ ஒரு பெரியம்மா, பேயைக் கொண்டுவந்து ஊட்டப் பார்த்தாளே என்று ஆரம்பித்தார். அம்மா படையலுக்கு எடுத்து வைத்திருந்த தாம்பாளத்தைக் காட்டினாள்.

"அதுல வச்சிக்கீற பழம் இன்னா பழம்மா? பேயன் பழந்தானே? அது எந்தப் பேயி? அந்தாண்ட கெடக்குதே, கருணைக் கெழங்கு. கருணைன்னு பேர வச்சிக்கினு தொண்டைய அரிக்கலியா? அதெல்லாம் சாமிக்கி ஆவும், இது ஆவாதா?"

பின்னால் நின்ற ஒரு ஆள் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அந்தச் சிரிப்புத்தான் எங்களுக்கு வினையாக முடிந்தது. பெண்ணின் தாயார், சட்டியை எடுத்துப் போகச் சொன்னார். இனி இந்த ஊரில் கால் வைக்கக் கூடாது என்றார். ஒரு ஆள் சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டுபோய் வெளியே குப்பைமேட்டுப் பக்கம் வைத்தான்.

அம்மா போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் அந்தச் சட்டியைக் குப்பைமேட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து, தெரு நடுவில் இருந்த புங்க மர நிழலில் வைத்தாள். இலை கிழித்துப் போட்டாள். சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"உக்காருடா," என்றாள் என்னிடம்.

வீட்டு வாசல்களிலெல்லாம் ஆட்கள் நின்றார்கள். பிள்ளைகள் கிட்டே வந்து வட்டமாக நின்றன. எங்களுக்கு எந்தப் பக்கத்திலிருந்து பேய் பிடிக்கும் என்று பார்க்க அவற்றுக்கு ஆசை. நாலு பேர் பார்க்கும் இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாதவன் நான். நின்ற இடத்திலேயே நின்றேன். அம்மா என்னைப் பார்த்தபடி இருந்தாள். போய் உட்கார்ந்தேன். தலையைத் தூக்காமல் தின்றேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அவ்வளவு ருசியாக அதை நான் அதற்கு முன்னால் தின்றதில்லை. அவர்கள் தோப்புத் தேங்காயை அரைத்து விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் தேங்காய்க்கு எங்கே போவது?

அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். மூலை வீட்டு வாசலைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்:

"கை பக்குவம் நல்லாக்கீதும்மா."

மாமா தூரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். எங்களை யாரென்றே தெரியாதவர் போல மரத்தைப் பார்த்தார். அம்மா அவரையும் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்று தலையை ஆட்டினார். "பூவாக் கீறப்போ இனிச்சிச்சா?" என்று அவள் கேட்டதும் வந்து உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரும் தின்று முடிக்கும்வரை அந்தத் தெரு பார்த்துக்கொண்டிருந்தது. கல்யாணப் பெண்ணும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்ததை நான் ஒரே ஒருமுறை தலை தூக்கியபோது கண்டேன். பிறகு அம்மா குழாயில் சட்டியைக் கழுவி, துடைத்து, அவர்கள் வாசலில் கவிழ்த்து வைத்தாள்.

அப்படியாகச் செலியமேடு எங்களை விட்டுப் போனது. அம்மா அதற்காக அழுது நான் பார்த்ததில்லை. கருவாடு போட்டாள். மற்றவர்கள் ஊருக்குப் போகாமல், வில்லியனூர் சந்தையில் வெயிலில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள். வீட்டில் பல நாள் கஞ்சிதான். பள்ளிக்கூடம் திறந்தபோது ஆறாவதில் சேர நான் போகவில்லை, சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வருஷத்துக்கும் மேலாகியிருக்கும், சந்தையில் ஒரு பெண் எங்கள் முன்னால் வந்து நின்றாள். வயிற்றுப் பிள்ளைக்காரி. அந்த மூலை வீட்டுக் கல்யாணப் பெண். கூட வந்திருந்த புருஷனின் காதில் விழும்படி கேட்டாள்.

"அந்தப் பேய்க் கணவாய் இருக்குதா? வாசனதான் வந்துச்சி அன்னிக்கி. வாயில வைக்க வுடல."

அம்மா அவளுக்கு மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள். பெயரைச் சொல்லித்தான் கொடுத்தாள்.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று இருந்தது. அது வெகுகாலம் கழித்து, எனக்கே மீசை நரைக்கத் தொடங்கிய பிறகு, மாமா இறந்தபோதுதான் புரிந்தது. அம்மா பிறந்த ஊர் தெற்கே, கடலூரைத் தாண்டி. கடைசிக் காலத்தில் மாமா அங்கேதான் போய் இருந்தார், காரியத்துக்கு அங்கே போனோம். ஒரு கிழவி அம்மாவைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டு, நான் கேட்டே இராத ஒரு பெயரைச் சொல்லி அழைத்தாள். அம்மா திரும்பினாள். அந்தப் பெயருக்கு அவள் அவ்வளவு வேகமாகத் திரும்பியதைப் பார்த்தபோதுதான் விசாரித்தேன்.

பன்னிரண்டு வயதிலோ என்னவோ, அம்மா காய்ச்சலில் கத்திக்கொண்டு கடற்கரையில் விழுந்திருக்கிறாள். பேய் பிடித்தவள் என்று ஊர் சொல்லிவிட்டது. காய்ச்சல் போயிற்று, பெயர் போகவில்லை. அவள் தொட்ட குடத்துத் தண்ணீரைக் குடிக்க மாட்டார்களாம். பெண் கேட்டு யாரும் வரவில்லை. கடைசியில் வீட்டார் கூடி, அவளுக்கு நல்ல பெயராக ஒன்றைப் புதிதாக வைத்து, ஒருவருக்கும் தெரியாத எங்கள் ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். பழைய பெயரை வாய் தவறியும் சொல்லக் கூடாது என்று அப்போது சிறுபிள்ளையாக இருந்த மாமாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். அப்பாவுக்கு இது தெரியுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "கட்டிக்கினு வந்த வாரமே நானே சொல்லிட்டேன்," என்றாள். வேறு எப்படிச் செய்திருப்பாள்?

அந்தப் படையல் அன்று செலியமேட்டிலிருந்து திரும்பும்போது பஸ் வரவில்லை. பாகூர் ரோட்டில் மூன்று பேரும் நடந்தோம். மாமாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு பெயரை மாற்றியதற்காக ஒரு ஊரையே தொலைத்துவிட்டாயே, இனி எதைத் தின்போம், இந்தப் பிள்ளை எதைத் தின்னும் என்று பொரிந்துகொண்டே வந்தார். அம்மா கொஞ்ச தூரம் பொறுத்திருந்துவிட்டு நின்றாள்.

"ஒரு தபா பேர மாத்தித் தள்ளிவுட்டது போதும்டா."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பிறகு மாமா சைக்கிளில் ஏறவில்லை. கூடை காலியாக இருந்தும், ஏறிப் போகலாம் என்று அம்மா சொல்லியும், தலையைக் குனிந்தபடி எங்களோடு தள்ளிக்கொண்டே வந்தார்.

எனக்குக் கணக்கு இடித்தது. மாமா ஊரை ஏமாற்றியது இந்த ஒரு முறைதான். முதல் முறை செய்ததற்கே, ஒரு தபா போதும் என்று ஏற்கெனவே ஒன்று நடந்துவிட்டது போல ஏன் சொல்ல வேண்டும்? அம்மாவிடமே கேட்டேன்.

"இதுக்கு முன்னாடி எந்த மீனும்மா?"

அம்மா குனிந்து, என் உதட்டோரம் காய்ந்திருந்த குழம்பை முந்தானையால் துடைத்தாள். "நீ பாத்ததில்ல," என்றாள். அது எந்த மீனாக இருக்கும் என்று, தெரிந்த மீன்களையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே வீடுவரை நடந்தேன்.